சாமியில்லாத கோயில்: ஸ்டாட்டிக் மெம்பர் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

காட்பாடியில் ஒரு மாடி அறையில் மாலை வேளையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு சி++ சொல்லித் தருகிறேன். ப்ராஜெக்ட் மாதம் வந்துவிட்டால் குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வருகிறவர்களில் பலருக்கு ஒரே நோய்தான். கிளாசுக்குள் ஸ்டாட்டிக் என்று ஒரு வேரியபிளைப் போட்டிருப்பார்கள், அதற்கு ஆரம்ப மதிப்பு கொடுத்த விதத்தில் கோளாறு இருக்கும். ஆனால் அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு லிங்கர் (கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் கருவி) திட்டும், ஒருவருக்கு எண்ணிக்கை மைனஸில் போகும், ஒருவருக்கு மெயினைத் தொடுவதற்கு முன்பே புரோகிராம் விழும்.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். எல்லாருக்கும் பொதுவான முதல் தலைப்பையும் கடைசித் தலைப்பையும் தவிர மற்றதை இப்போது படிக்க வேண்டியதில்லை.

உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்: ஆஸ்பத்திரி டோக்கன். வேலூரில் டோக்கன் வாங்கிக் காத்திருக்காத ஆள் உண்டா? ஒவ்வொரு டோக்கனும் ஓர் ஆப்ஜெக்ட். இதுவரை எத்தனை கொடுத்தோம் என்பது எல்லா டோக்கனுக்கும் பொதுவான ஸ்டாட்டிக் எண். கோட் வரிகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோலத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். கீவேர்டுகளை நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

பிழைப் பட்டியலில் முதல் வரியைப் படியுங்கள். எல்லாரும் கடைசி வரியைத்தான் படிக்கிறார்கள், அது பெரும்பாலும் முதல் பிழையின் எதிரொலி.

அப்புறம் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டு முழுசாக ஒருமுறை பில்ட் செய்யுங்கள். மூன்றாவது, எந்த கம்பைலர், எந்த வெர்ஷன் என்று பாருங்கள். ஜிசிசி 11 முதல் இயல்பாகவே குறைந்தது சி++17. அதற்கு முந்தைய 6 முதல் 10 வரை சி++14. விஷுவல் ஸ்டுடியோ 2022இல்கூட நீங்களாக மாற்றாத வரை சி++14தான். கீழே பாதி விடை இந்த ஒரு எண்ணைப் பொறுத்தது.

ஒரு வேண்டுகோள். பிழை போகிறதா பார்ப்போம் என்று ஸ்டாட்டிக் என்ற சொல்லையே எடுத்துவிடாதீர்கள். பிழை போகும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் தனித்தனி எண் வந்துவிடும். நூறு பேர் வரிசையில் நிற்க, நூறு பேர் கையிலும் 1ஆம் நம்பர்.

அறிகுறி 1: கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகவில்லை

செய்தி: ஜிசிசியில் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு டோக்கன்::எண்". விஷுவல் ஸ்டுடியோவில் எல்என்கே 2001, "அன்ரிசால்வ்டு எக்ஸ்டர்னல் சிம்பல்". லேபில் இன்னும் டர்போ சி++ ஓடுகிறதென்றால் "அன்டிஃபைன்டு சிம்பல்".

என்னிடம் வரும் கேஸ்களில் அதிகமானது இதுதான். வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கிளாசுக்குள் மட்டும் எழுதிய ஸ்டாட்டிக்கும் அந்தக் கோயில் மாதிரிதான். கோபுரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, உள்ளே போனால் யாரும் இல்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரருக்கு 1981இல் லிங்கம் திரும்ப வந்து சேர்ந்தது. உங்கள் வேரியபிளுக்கு ஒரு வரி போதும்.

காரணம் அ: வெளியே எழுதவே இல்லை. கிளாசுக்குள் இருப்பது:

ஸ்டாட்டிக் இன்ட் எண்;

இது அறிவிப்பு மட்டும். கிளாஸ் முடிந்த பிறகு, ஒரே ஒரு சிபிபி ஃபைலில், எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே:

இன்ட் டோக்கன்::எண் = 0;

மதிப்பு பூஜ்யம்தான் என்றால் "= 0" இல்லாவிட்டாலும் பூஜ்யமாகவே வரும். நான் எழுதச் சொல்வேன், படிக்கிறவருக்கு உதவும்.

இங்கே ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "அது பிரைவேட் ஆச்சே அண்ணா, வெளியிலிருந்து தொட முடியுமா?" தொடலாம். இந்த வரி கிளாசின் ஒரு பகுதியாகவே கணக்கு. இதற்காக எண்ணைப் பப்ளிக் பக்கம் நகர்த்த வேண்டாம்.

காரணம் ஆ: எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கிளாஸ் பெயரை விட்டுவிட்டீர்கள். "இன்ட் எண் = 0;" என்று மட்டும் எழுதினால் கம்பைலர் முணுமுணுக்காது. அது தனியாக ஒரு குளோபல் வேரியபிள் ஆகிவிடும். கோயில் கோட்டைக்குள், சாமி சத்துவாச்சாரியில். (லிங்கம் அத்தனை காலமும் நிஜமாகவே அங்கேதான் இருந்தது.) நேம்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. கிளாஸ் நேம்ஸ்பேசுக்குள் இருந்தால், வெளியே எழுதும் வரியும் அதற்குள் இருக்க வேண்டும், அல்லது முழுப் பெயரோடு இருக்க வேண்டும்.

காரணம் இ: கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) "எண் = 0;" என்று போட்டிருக்கிறேனே என்பார்கள். அது மதிப்பு மாற்றும் வரி. இடம் ஒதுக்கும் வரி வேறு. இந்த வரியால் வரும் இன்னொரு தொல்லை அறிகுறி 4இல் இருக்கிறது.

காரணம் ஈ: வரி சரியாகவே இருக்கிறது, அந்த ஃபைல் பில்டில் இல்லை. டெர்மினலில் மெயின் ஃபைலை மட்டும் கொடுத்து ஜி++ ஓட்டினால் டோக்கன் ஃபைல் எப்படி வரும்? இரண்டு சிபிபி பெயரையும் கொடுங்கள். கோட் எடிட்டரில் ஓட்டும் பட்டனை அழுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பல நேரம் அந்தப் பட்டன் திறந்திருக்கும் ஒரு ஃபைலை மட்டுமே கம்பைல் செய்யும்படி இருக்கும்.

காரணம் உ: இது கொஞ்சம் குறும்பு. கிளாசுக்குள்ளேயே "ஸ்டாட்டிக் கான்ஸ்ட் இன்ட் உச்சம் = 200;" என்று போட்டிருப்பீர்கள். மாதக்கணக்கில் ஓடியிருக்கும். ஒரு நாள் அதை மேக்ஸ் அல்லது மின் ஃபங்ஷனுக்குக் கொடுத்ததும் லிங்கர் பிடித்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன்கள் ரெஃபரன்ஸாக வாங்குகின்றன. ரெஃபரன்ஸ் என்றால் முகவரி வேண்டும். உங்கள் உச்சத்துக்கு மதிப்பு இருக்கிறது, முகவரி இல்லை. ஆப்டிமைசேஷனை ஏற்றினால் பிழை மறைந்துவிடவும் கூடும், அதை நம்பி ஏமாறாதீர்கள். சிபிபியில் மதிப்பில்லாமல் "கான்ஸ்ட் இன்ட் டோக்கன்::உச்சம்;" என்று ஒரு வரி சேருங்கள். சி++17 என்றால் "ஸ்டாட்டிக் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர்" என்று மாற்றினாலே போதும்.

சோதனை: எது காரணம் என்று புலப்படவில்லையா? லினக்ஸில் என்எம் கட்டளையை மைனஸ் பெரிய சி சேர்த்து ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலிலும் ஓட்டுங்கள். டோக்கன்::எண் பக்கத்தில் "யூ" என்று இருந்தால் அந்த ஃபைல் அதைக் கேட்கிறது. "பி" அல்லது "டி" என்றால் வைத்திருக்கிறது. எல்லாமே யூ என்றால் வைத்திருப்பவர் யாரும் இல்லை. வெறும் "எண்" என்ற பெயரில் ஒரு பி தெரிந்தால் சாமி சத்துவாச்சாரியில்.

இவ்வளவும் பார்த்தபின், கிளாஸ் ஒரு டிஎல்எல்லுக்குள் (புரோகிராம் ஓடும்போது வந்து சேரும் தனி லைப்ரரி ஃபைல்) இருக்கிறது என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட், இம்போர்ட் குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும். அதை முன்பு செய்த ஆளைத் தேடுவதுதான் நேர மிச்சம்.

அறிகுறி 2: "மல்டிபிள் டெஃபினிஷன்"

விஷுவல் ஸ்டுடியோவில் எல்என்கே 2005, கூடவே எல்என்கே 1169. அறிகுறி 1ஐத் தீர்த்த அவசரத்தில் அந்த ஒரு வரியை ஹெடரில் போட்டவர்களுக்கு வருவது. ஹெடரை எத்தனை சிபிபி இழுக்கிறதோ அத்தனை எண் உருவாகும்.

"இன்க்ளூட் கார்டு போட்டிருக்கேனே சார்" என்பார்கள். அது ஒரே சிபிபிக்குள் ஹெடர் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்ளும். வெவ்வேறு சிபிபிக்கு அது காவல் இல்லை.

வரியை ஹெடரிலிருந்து வெட்டி ஒரு சிபிபியில் ஒட்டுங்கள், முடிந்தது. சி++17 இருந்தால் கிளாசுக்குள்ளேயே "இன்லைன் ஸ்டாட்டிக் இன்ட் எண் = 0;" என்று எழுதிவிட்டு வெளி வரியை எடுத்துவிடுங்கள். அறிகுறி 1, 2 இரண்டுமே ஒழியும். புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

விதிவிலக்கு டெம்ப்ளேட் கிளாஸ். அதன் ஸ்டாட்டிக்குக்கான வரி ஹெடரிலேயே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

ஹெடரில் எதுவும் இல்லை, ஆனாலும் இதே பிழை என்றால், யாராவது சிபிபி ஃபைலையே இன்க்ளூட் செய்திருக்கிறார்களா பாருங்கள். சிரிக்காதீர்கள். போன வாரம்கூடப் பார்த்தேன்.

அறிகுறி 3: லிங்கர் வரைக்கும் போகவில்லை, கம்பைலரே மறுக்கிறது

செய்தியைப் பொறுத்துப் பிரியுங்கள்.

"நான் கான்ஸ்ட் ஸ்டாட்டிக் மெம்பருக்கு கிளாசுக்குள் மதிப்பு தருவதை ஐஎஸ்ஓ சி++ தடுக்கிறது" என்ற பொருளில் வந்தால்: கான்ஸ்ட் இல்லாத ஸ்டாட்டிக்குக்கு உள்ளேயே மதிப்பு கொடுத்திருக்கிறீர்கள். வெளியே எடுங்கள், அல்லது இன்லைன் சேருங்கள்.

"கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் நீடட்" என்று வந்தால்: கான்ஸ்ட் போட்டிருக்கிறீர்கள், ஆனால் டைப் டபுள் அல்லது ஃப்ளோட். உள்ளே மதிப்பு தரும் பழைய சலுகை முழு எண் வகைகளுக்கும் ஈனமுக்கும் (enum, பெயர் வைத்த மாறிலிகளின் பட்டியல்) மட்டும்தான். கான்ஸ்ட் என்பதைக் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் ஆக்குங்கள்.

"ஸ்டாட்டிக் மே நாட் பி யூஸ்டு" என்று வந்தால்: வெளி வரியிலும் ஸ்டாட்டிக் என்று மறுபடி எழுதியிருக்கிறீர்கள். உள்ளே ஒருமுறை சொன்னால் போதும்.

மெயினுக்குள்ளேயே கிளாஸை எழுதி அதற்குள் ஸ்டாட்டிக் வேரியபிள் வைத்தால் எந்த வெர்ஷனும் ஏற்காது. கிளாஸை வெளியே கொண்டுவாருங்கள்.

டர்போ சி++ காரர்களுக்குத் தனியாக ஒரு வரி. அது 1998இல் முதல் சி++ தரம் வருவதற்கு முந்தைய கம்பைலர். கிளாசுக்குள் மதிப்பு தரும் எந்த வித்தையையும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். மாறிலிக்கு ஈனம், மற்றதற்கு வெளி வரி. தேர்வுக்கு அது போதும், வேலைக்குப் போகும் முன் மட்டும் தயவுசெய்து புது கம்பைலர் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்.

அறிகுறி 4: ஓடுகிறது, ஆனால் எண்ணிக்கை தப்பு

எப்போதும் 1 வருகிறது: கன்ஸ்ட்ரக்டருக்குள் முதலில் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் ஒன்று கூட்டுகிறீர்கள். பூஜ்யமாக்கும் வரியை எடுங்கள். அது இல்லையென்றால், கன்ஸ்ட்ரக்டருக்குள் "இன்ட் எண்" என்று புதிதாக ஒரு லோக்கலை அறிவித்திருக்கிறீர்களா பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் லோக்கல்தான் ஜெயிக்கும்.

மைனஸில் போகிறது: ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ப்ராஜெக்டில் இரண்டு டோக்கன் கொடுத்ததும் "மீதம் -3" என்று காட்டியது. இரண்டு நாள் ஸ்டாட்டிக் வரியையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வரியில் ஒரு குற்றமும் இல்லை. காட்டு என்ற ஃபங்ஷன் டோக்கனை நகலாக வாங்கிக்கொண்டிருந்தது. நகல் எடுக்கும்போது ஓடுவது காப்பி கன்ஸ்ட்ரக்டர். நீங்கள் எழுதாவிட்டால் கம்பைலர் தானே ஒன்றைத் தரும், அது எண்ணிக்கையைக் கூட்டாது. ஆனால் நகல் சாகும்போது அதற்கான ஃபங்ஷனான டிஸ்ட்ரக்டர் ஓடி ஒன்றைக் கழித்துவிடும். வரவு எழுதாமல் செலவு மட்டும் எழுதிய கணக்கு. அவள் ஐந்து முறை காட்டு என்று கூப்பிட்டிருந்தாள், இரண்டில் ஐந்து போனால் மைனஸ் மூன்று.

சோதனை எளிது. காப்பி கன்ஸ்ட்ரக்டரை "= டெலீட்" என்று போட்டு கம்பைல் செய்யுங்கள். எங்கெல்லாம் நகல் எடுக்கிறீர்களோ அங்கெல்லாம் கம்பைலரே விரலை நீட்டும். ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் இடங்களை கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக மாற்றுங்கள். வெக்டரில் போட்டு வைத்திருந்தால் நகல் தேவைப்படும். அப்போது டெலீட்டை எடுத்துவிட்டு, எண்ணிக்கையைக் கூட்டும் காப்பி கன்ஸ்ட்ரக்டரை நீங்களே எழுதுங்கள். டெலீட் என்பது சி++11 முதல். பழைய கம்பைலரில் காப்பி கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் பக்கம் அறிவித்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே பலன்.

ஒரு ஃபைலில் 5, இன்னொரு ஃபைலில் 0: ஹெடரில், கிளாசுக்கு வெளியே, ஸ்டாட்டிக் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளாசுக்கு வெளியே அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. ஒவ்வொரு சிபிபிக்கும் தனி நகல் கிடைக்கும்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு எண்: த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பயன்படுத்துகிறீர்கள். அட்டாமிக் ஆக்குங்கள். அதிலும் தீரவில்லையென்றால் எண்ணைத் தாண்டி வேறு தரவும் மோதுகிறது என்று பொருள். தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 5: மெயினுக்கு முன்பே விழுகிறது

மெயினின் முதல் வரியில் ஒரு பிரின்ட் போடுங்கள். அது வருவதற்குள் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் இந்தத் தலைப்புக்குத்தான் வந்திருக்கிறீர்கள். ஜிடிபி என்ற டீபக்கரில் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) எடுத்தால் "ஸ்டாட்டிக் இனிஷியலைசேஷன் அண்ட் டிஸ்ட்ரக்ஷன்" என்ற நீளப் பெயர் தெரியும். தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ராணிப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஷூ ஆர்டர் ப்ராஜெக்ட் செய்தான். அளவுகளின் மேப் ஒரு ஃபைலில் ஸ்டாட்டிக். "மாதிரி ஆர்டர்" என்று இன்னொரு ஃபைலில் ஒரு ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட். அதன் கன்ஸ்ட்ரக்டர் மேப்பில் எழுதும். அவன் லேப்டாப்பில் ஓடியது, லேப் கம்ப்யூட்டரில் விழுந்தது. ஒரே ஃபைலுக்குள் என்றால் எழுதிய வரிசையில் ஸ்டாட்டிக்குகள் உயிர் பெறும். இரண்டு ஃபைல் என்றால் எது முதலில் என்று மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அடுப்பு மூட்டுவதற்குள் பந்தியில் இலை போட்ட கதை.

சோதனை: கம்பைல் கட்டளையில் இரண்டு ஃபைல் பெயர்களின் வரிசையை மாற்றிக் கொடுங்கள். நடத்தை மாறினால் உறுதி. மாறவில்லையென்றால் நிரபராதி என்று அர்த்தமில்லை. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரில் "செக் இனிஷியலைசேஷன் ஆர்டர்" என்ற விருப்பம் இருக்கிறது, அதையும் போட்டு ஓட்டுங்கள். மேப்பாக இருந்ததால் அவனுக்கு விழுந்தது. வெக்டராக இருந்திருந்தால் விழாமல், போட்ட ஆர்டர் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கலாம். விழுவதே மேல்.

தீர்வு, எளியதிலிருந்து:

இரண்டையும் ஒரே சிபிபியில், மேப்பை மேலே வைத்து எழுதுங்கள். சின்ன ப்ராஜெக்டுக்குப் போதும்.

மேப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்காக வைத்து அதன் ரெஃபரன்ஸைத் திருப்பித் தாருங்கள். யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அப்போதுதான் அது பிறக்கும். சி++11 முதல் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் ஒருமுறைதான் பிறக்கும். நான் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவேன்.

வெறும் எண்ணோ மாறிலியோ என்றால் சி++20இல் கான்ஸ்ட்இனிட் போடுங்கள். கம்பைல் நேரத்திலேயே மதிப்பு தர முடியாதென்றால் அப்போதே பிழை காட்டும்.

இனிட் ப்ரையாரிட்டி என்று ஜிசிசியில் ஒரு வசதி உண்டு. விஷுவல் ஸ்டுடியோவுக்குப் போனால் கைவிட்டுவிடும். நான் சொல்லித் தருவதில்லை.

புரோகிராம் முடியும்போது விழுகிறதா? அதே வியாதி, திரும்பிப் படுத்திருக்கிறது. ஒரு ஸ்டாட்டிக்கின் டிஸ்ட்ரக்டர், ஏற்கெனவே இறந்த இன்னொன்றைத் தொடுகிறது. டிஸ்ட்ரக்டருக்குள் மற்ற ஸ்டாட்டிக்குகளைக் கூப்பிடும் வரிகளை நீக்கிப் பாருங்கள்.

ஜாவா, பைத்தான்காரர்களுக்கு

ஜாவாவில் "நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர், குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்" என்று வந்தால் ஜார் ஃபைலைத் தேடி அலையாதீர்கள். லாகில் மேலே போங்கள். "எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்" என்று ஒருமுறை வந்திருக்கும், அதன் கீழே "காஸ்டு பை" வரியில் நிஜக் காரணம் இருக்கும். ஸ்டாட்டிக் பிளாக் ஒருமுறை தோற்றால் அந்தக் கிளாஸ் அதோடு சரி.

ஜாவாவில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பினால் வரி வரிசையைப் பாருங்கள். "ஸ்டாட்டிக் டோக்கன் முதல் = நியூ டோக்கன்();" மேலேயும் "ஸ்டாட்டிக் இன்ட் எண் = 0;" கீழேயும் இருந்தால், முதல் வரி கூட்டியதை இரண்டாம் வரி அழித்துவிடும். இடம் மாற்றுங்கள். ஸ்டாட்டிக் ஃபைனல் மாறிலியை மாற்றியும் பழைய மதிப்பே வந்தால், அதைப் பயன்படுத்தும் கிளாஸ்களையும் திரும்ப கம்பைல் செய்யுங்கள். மதிப்பு அங்கே நேரடியாகப் பதிந்திருக்கும்.

பைத்தானில் "செல்ஃப்.எண் += 1" என்பது அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் புது எண்ணை உருவாக்கும். "டோக்கன்.எண் += 1" என்று கிளாஸ் பெயரோடு எழுதுங்கள். கிளாசுக்குள் நேராக வைத்த லிஸ்ட் தலைகீழ்: எல்லாருக்கும் பொதுவாகிவிடும். தனித்தனியாக வேண்டுமென்றால் இனிட்டுக்குள் வையுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

அறிகுறி 1 முதல் 4 வரை நீங்களே தீர்க்கலாம், ஒரு மாலை போதும். டிஎல்எல் எல்லையைத் தாண்டினால், மெயினுக்கு முன் விழுவது ஃபங்ஷன் ஸ்டாட்டிக்காக மாற்றியும் நிற்காவிட்டால், அல்லது ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் வைத்த ஆப்ஜெக்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓடவே இல்லையென்றால் அனுபவசாலியிடம் போங்கள். கடைசியாகச் சொன்னது மூளையைத் தின்னும். யாரும் பெயர் சொல்லிக் கேட்காத ஆப்ஜெக்ட் ஃபைலை லிங்கர் லைப்ரரியிலிருந்து எடுப்பதே இல்லை. பிழை என்று ஒரு எழுத்தும் வராது.

போகும்போது மூன்றைக் கொண்டுபோங்கள்: முதல் பிழைச் செய்தி முழுசாக, நீங்கள் அடித்த கம்பைல் கட்டளை, கம்பைலர் வெர்ஷன். டெக்ஸ்டாக. திரையைச் சாய்வாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் மேலே ட்யூப்லைட் வெளிச்சமும் கீழே பாதி வெட்டிய கடைசி வரியும்தான் எனக்குத் தெரிகிறது.